என் பக்கம், உன் பக்கம்

கார் வாங்கலாம் என்று சொன்னவள் சின்னவள். அதைப் பெரியவள்தான் ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்தவளும் அவளே. நடுவில் பெரியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஆனாலும் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர்கள் பெரியவளும் சின்னவளும்தான். அம்மா மாடிப்படியில் நின்று அப்படித்தான் கூப்பிடுவாள். அம்மா போன பிறகும் கூப்பிடும் பெயர்கள் போகவில்லை. கல்யாணம் இருவருக்கும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. அப்பா சீக்கிரமே போய்விட்டார், அம்மா படுத்த படுக்கையானாள், வருஷங்கள் தம் பாட்டுக்கு ஓடிவிட்டன. அவ்வளவுதான்.

பெரியவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தாள். முன்னறையில் கண் பரிசோதனையும் பேச்சும் சிரிப்பும் நடக்கும். பின்னறையில் அவளும் லென்ஸ் தேய்க்கும் இயந்திரமும் மட்டும். வட்டமாக வரும் லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, விளிம்பை மழுக்கி, பொருத்தி, துடைத்து, உறையில் போட்டு முன்னால் அனுப்புவாள். தான் செய்த கண்ணாடி யார் மூக்கில் போய் உட்கார்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. கடை முதலாளி ஒருமுறை, "உங்க மெஷினாவது சத்தம் போடுதும்மா" என்று சொல்லிச் சிரித்தார்.

சின்னவள் நேர் எதிர். பெரிய மருத்துவமனையின் தொலைபேசி அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசிக்கொண்டே இருப்பது அவள் வேலை. கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது வழிதான். "பாலத்துல ஏறிடாதீங்க. கீழயே வாங்க. பெட்ரோல் பங்க் தாண்டினதும் மஞ்சள் கட்டடம் வரும், அங்க திரும்பாதீங்க, அதுக்கு அடுத்தது..." என்று அழுதுகொண்டு கூப்பிடுகிறவரைக்கூடக் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்து விட்டுவிடுவாள். கால் படாத தெருவுக்கும் அவளுக்கு வழி தெரியும்.

கார் பற்றிய பேச்சு அம்மா இருக்கும்போதே தொடங்கியது. கடைசி வருஷம் அம்மாவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வாடகை வண்டி பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. சக்கர நாற்காலியைப் பார்த்ததும், "வேற வண்டி பாத்துக்குங்கம்மா" என்று நழுவிவிடுவார்கள். நமக்கென்று ஒரு வண்டி இருந்தால் இவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சின்னவள் புலம்புவாள். அம்மா இருந்தவரை அது வெறும் புலம்பலாகவே இருந்தது. அம்மா போய், கட்டிலைப் பிரித்து மூலையில் சாய்த்து வைத்த பிறகுதான் அவள் ஒருநாள் அதைக் காரியமாகவே எடுத்தாள்.

"அம்மாவுக்கு உதவாத வண்டி இப்ப எதுக்குடி?" என்றாள் பெரியவள்.

"நமக்காவது உதவட்டும். நாளைக்கு நம்ம முட்டி போயிட்டா யார் வந்து தூக்குவா?"

"அப்ப நீயே ஓட்டு."

"நான் ஓட்டினா ஒரே நாள்ல நாலு பேர்கிட்ட சண்டை வரும். நீதான் கோவமே படமாட்ட. கை உன்னுது, வாய் என்னுது. நான் வழி சொல்றேன், நீ ஓட்டு. அவ்வளவுதான்."

ஓட்டுநர் பள்ளியில் பெரியவளுக்குக் கிடைத்த பயிற்சியாளர் அவள் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பெண். எந்நேரமும் சூயிங்கம் மென்றுகொண்டிருப்பாள். அவளுக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. பாதி வகுப்பில் போன் வந்துவிடும். ஒரு கையால் போனை மூடிக்கொண்டு, "கிளட்ச், ஆன்ட்டி! கால எடுக்காதீங்க... எடுத்துட்டீங்க" என்பாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிடும். பெரியவள் மன்னிப்புக் கேட்பாள். யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. வண்டியிடம் கேட்பது போலத்தான் இருக்கும்.

கொஞ்ச நாளில் குலுங்குவது குறைந்தது. கை பழகிவிட்டது என்று பெரியவள் மனசுக்குள் சந்தோஷப்பட்டாள். வீட்டில் சின்னவளிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். பிறகு ஒருநாள், நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, பயிற்சியாளரின் மோதிரம் கழன்று இருக்கைக்கு அடியில் உருண்டுவிட்டது. நிச்சயதார்த்த மோதிரம். அவள் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டு குனிந்து தேடினாள். பச்சை விழுந்தது. பெரியவள் கிளம்பினாள். வண்டி நின்றது. மறுபடி கிளப்பினாள். மறுபடி நின்றது. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. அப்போதுதான் பெரியவளுக்கு உறைத்தது: அந்தப் பக்கமும் ஒரு கிளட்ச் இருக்கிறது, இத்தனை நாளும் பாதி வண்டியை அந்தப் பெண்ணின் கால்தான் ஓட்டியிருக்கிறது.

"ஏம்மா, சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பயந்துடுவீங்கன்னுதான் ஆன்ட்டி," என்றாள் அவள், மோதிரத்தை ஊதிக்கொண்டே.

முதல் தேர்வில் பெரியவள் தோற்ற கதையை மருத்துவமனை முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் சின்னவள்தான். பின்னால் எடுக்கச் சொன்ன அதிகாரி, "கண்ணாடியப் பாருங்க" என்றாராம். பெரியவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முந்தானையில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "இப்ப சுத்தமா இருக்குங்க" என்றாளாம். தொழில் புத்தி. அதிகாரி சிரிக்கவில்லை. இரண்டாம் முறை வேறு அதிகாரி. அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கார் ஒரு பல் மருத்துவருடையது. அவர் தொழிலை விட்டு ஓய்வெடுக்கிறார் என்று விற்றார். வெளுத்துப்போன பச்சை. கதவைத் திறந்தால் கிராம்பு எண்ணெய் வாசனை அடிக்கும்; எத்தனை கழுவினாலும் போகவில்லை. சின்னவள் அதற்குக் 'கிழவி' என்று பெயர் வைத்தாள். மேடு வந்தால், "ஏறு கிழவி, ஏறிடு" என்று முன்பலகையைத் தட்டிக்கொடுப்பாள்.

பெரியவளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. சாதாரணமாக இருக்கும்போது இடது வலது எல்லாம் தெரியும். ஸ்டியரிங் பிடித்து, நாலாபுறமும் வண்டி வந்து, யாராவது "இடது!" என்று கத்தினால் மூளை வெறிச்சோடிப் போய்விடும். சின்னவள் இரண்டே நாளில் இதற்கு வழி கண்டுபிடித்தாள். இடதும் வேண்டாம், வலதும் வேண்டாம். "என் பக்கம் திரும்பு. இப்ப உன் பக்கம். இந்த லாரிய விடு. மறுபடி என் பக்கம்." இது பெரியவளுக்குச் சுலபமாக இருந்தது. தங்கை எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எந்த நெரிசலிலும் மறக்கக்கூடியதில்லையே.

அப்படிச் சில வருஷங்கள் ஓடின. காலையில் சின்னவளை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போவாள். சாயங்காலம் அதே வாசலில் காத்திருப்பாள். சின்னவள் ஏறியதும் கதவைச் சாத்தும் முன்பே பேச்சு ஆரம்பித்துவிடும். யார் கூப்பிட்டார்கள், யார் திட்டினார்கள், எந்த டாக்டர் எந்த நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பெரியவள் "ம்" கொட்டுவாள். நாள் முழுக்கப் பின்னறையில் சேர்ந்திருந்த நிசப்தம் அந்த அரை மணி நேரத்தில் கரையும்.

மூன்றாவது மாடிக்காரர் என்று ஒருவர் அந்தப் பேச்சில் எப்போதோ நுழைந்தார். அவருடைய அம்மா மூன்றாவது மாடியில் சேர்க்கப்பட்டிருந்தார். அவர் வெளிநாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேலாளர். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. அங்கிருந்து தினமும் கூப்பிட்டு, மூன்றாவது மாடிக்கு இணைப்புக் கேட்பார். பிறகு நேரிலேயே வந்து தங்கினார். அவருடைய அம்மா குணமாகி வீடு போனதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. பெரியவளும் அவரை மறந்துவிட்டாள்.

அந்த நாட்களில்தான் சின்னவளுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு தோழியைப் பார்க்க வேண்டியிருந்தது. பூங்காவுக்குப் பக்கத்தில் வீடு. "நீ மேல வந்தா உனக்குப் போர் அடிக்கும்க்கா" என்பாள். பெரியவளுக்கும் அதுதான் வசதி. பூங்காவின் ஓரம் வண்டியை நிறுத்தி, பேப்பர் படித்து, கண் அசந்துவிடுவாள். கண்ணாடியைத் தட்டும் சத்தத்தில் விழிப்பாள்.

ஒரு சனிக்கிழமை திரும்பும்போது சின்னவள் பேசாமல் வந்தாள். முகத்தைப் பார்க்காமல் ஒன்றைச் சொல்வதற்குக் காரைப்போல் வசதியான இடம் இல்லை. இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"அக்கா. மூணாவது மாடிக்காரர் என்னக் கல்யாணம் பண்ணிக்கிறேங்கறார்."

"எந்த மூணாவது மாடி?"

"தோழின்னு சொன்னேன்ல. தோழி இல்ல."

வண்டி நின்றுவிட்டது. கிழவி தானாக நிற்கவில்லை. பெரியவளின் கால் கிளட்சை மறந்துவிட்டது. பின்னால் ஹாரன் கேட்டது. அவள் திரும்பக் கிளப்பினாள். வாராவாரம் தங்கையைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து அந்த மனிதரிடம் விட்டுவிட்டு, பத்து வீடு தள்ளித் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"ஏண்டி முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீ சரின்னு சொல்லிடுவ. அதான் பயமா இருந்துச்சு."

"இப்ப சொல்றியே."

"இப்பவும் பயமாத்தான் இருக்கு." சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "சிக்னல் வருது. உன் பக்கம் திரும்பு."

பெரியவள் சரி என்றுதான் சொன்னாள். வேறென்ன சொல்ல முடியும்? நல்ல மனிதர். தலைமுடி வெளுத்து, வார்த்தையை அளந்து பேசுகிறவர். தன்னைவிட வயதில் மூத்த ஒருவரை "மாப்பிள்ளை" என்று கூப்பிடப் பெரியவளுக்கு நாக்கு கூசியது. அவர் தயங்காமல் "அக்கா" என்றே கூப்பிட்டார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு ஹோட்டலில் சாப்பிட்டு, கல்யாணம் முடிந்தது. அவர் முன்னால் போய்விட்டார். விசா வந்ததும் சின்னவள் கிளம்பினாள்.

விமான நிலையத்துக்குப் பெரியவள்தான் கொண்டுபோய் விட்டாள். வழியெல்லாம் சின்னவள் பேசினாள். கேஸ் சிலிண்டருக்கு யாரிடம் சொல்ல வேண்டும், பால்காரர் ஏமாற்றினால் என்ன கேட்க வேண்டும், குழாயில் சொட்டு நிற்கவில்லை என்றால் எந்தப் பக்கம் முறுக்க வேண்டும். உள்ளே போகும் வாசலில் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது.

வண்டி நிறுத்தத்துக்குத் திரும்பி, உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, சாவியைத் திருகி வெளியே வந்த பிறகுதான் பெரியவளுக்கு ஒன்று தெரிந்தது. அவளுக்கு வழி தெரியாது. வீட்டிலிருந்து மருத்துவமனை, மருத்துவமனையிலிருந்து கடை, அதற்குமேல் தானாக அவள் எங்கும் போனதே இல்லை. இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள். ஒரு பலகையைக்கூடப் படித்ததில்லை. படிக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் பிரிவிலேயே தப்பாகத் திரும்பினாள். அதைச் சரிசெய்ய இன்னொரு தப்பு. கடைசியில் கிடங்குகள் வரிசையாக இருந்த ஒரு சாலையில், லாரிகளை எடை போடும் மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். அதற்குமேல் சுவர். காவலாளி ஒருவர் வந்து குனிந்து பார்த்தார்.

"எங்கம்மா போகணும்?"

"வீட்டுக்கு," என்றாள்.

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "வந்த வழியே போயி, முதல் சந்துல இடது பக்கம் எடுங்க," என்றார். பெரியவள் கைகள் இரண்டையும் பார்த்தாள். பிறகு காலியாக இருந்த இருக்கையைப் பார்த்தாள். என் பக்கம் என்று சொல்ல யாரும் இல்லாததால், எது இடது என்று அவள் நின்று யோசித்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. இரண்டு லாரிகளுக்கு நடுவில் ஒரு முழ இடம்கூட மிச்சமில்லாமல் பின்னால் எடுத்து, ஒரே வீச்சில் திருப்பினாள். அவ்வளவு அழகாக அவள் ஒருபோதும் திருப்பியதில்லை. காவலாளி அதற்குள் கூண்டுக்குள் போய்விட்டார். யாரும் பார்க்கவில்லை.

பிறகு வந்த நாட்களில் அவள் தொலைந்துபோகவில்லை. தெரிந்த சாலைகளுக்குள்ளேயே ஓட்டினாள். ஆனால் சாயங்காலம் கடையை விட்டு வெளியே வந்தால் வண்டி தன் பாட்டுக்கு மருத்துவமனை வாசலுக்குப் போய்விடும். வழக்கமான வேப்பமரத்தடியில் நின்றுவிடும். முதலில் இரண்டொரு தடவை மறதியால் நடந்தது. அதற்குப் பிறகு மறதி என்று சொல்ல முடியாது. வாசல் காவலர் ஒருநாள் கிட்டே வந்தார்.

"தங்கச்சி வெளிநாடு போயிட்டாங்கல்ல? நீங்க யாருக்கும்மா காத்திருக்கீங்க?"

"சும்மா. இந்தப் பக்கம் வந்தேன்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த மரத்தடியில் வண்டி நிறுத்தக் கூடாது என்று மற்றவர்களை விரட்டுகிறவர், அவளை விரட்டவும் இல்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒருநாள் அவள் போனை எடுத்து மருத்துவமனை எண்ணை அழுத்தினாள். வேறொரு பெண்ணின் குரல் வந்தது. மரியாதையான, எந்திரம் போன்ற குரல்.

"மருத்துவமனைக்கு எப்படி வரணுங்க?" என்று கேட்டாள் பெரியவள். எதிரில் மருத்துவமனைப் பெயர்ப்பலகையின் விளக்குகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

"எங்க இருந்து வர்றீங்க மேடம்?"

பெரியவள் வீட்டுத் தெருவைச் சொன்னாள்.

"பாலத்து மேல ஏறி நேரா வந்தீங்கன்னா..."

"பாலத்துல ஏறச் சொல்லாதீங்கம்மா. சாயங்காலம் ஏறினா இறங்கறதுக்குள்ள விடிஞ்சுடும். கீழயே வரச் சொல்லணும். பெட்ரோல் பங்க் தாண்டி மஞ்சள் கட்டடம் வரும், அங்க திரும்பாம அடுத்ததுல."

"மேடம், வழி தெரிஞ்சா எதுக்குக் கூப்பிட்டீங்க?"

பெரியவள் போனை வைத்துவிட்டாள். முகம் சுட்டது. அதற்கப்புறம் அந்த மரத்தடிக்கு அவள் போகவில்லை. ஓரிரு வாரம் கிழவியை வெளியே எடுக்கவே இல்லை, பேருந்தில் போய்வந்தாள்.

சின்னவள் முதலில் தினமும் கூப்பிட்டாள். அங்கே விடியும்போது இங்கே வேலை நேரம். பெரியவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பேசுவாள். "எல்லாம் நல்லா இருக்குக்கா. வீடு பெருசு. தெரு சுத்தம்" என்பாள் சின்னவள். யாரைப் பற்றியும் கதை சொல்ல மாட்டாள். சொல்ல ஆளே இல்லையோ, தன்னிடம் சொல்லத் தோன்றவில்லையோ, பெரியவளுக்குப் புரியவில்லை. பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஆனது.

இரண்டு வருஷம் கழித்து இருவரும் விடுமுறைக்கு வந்தார்கள். பெரியவள் கிழவியைக் கழுவி, இருக்கை உறைகளைத் துவைத்துப் போட்டு, விமான நிலையத்துக்குப் போனாள். போகும் வழியை முந்தைய ஞாயிறே ஒருதரம் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தாள். சொல்ல வேண்டியவற்றை எல்லாம் வரிசைப்படுத்தியும் வைத்திருந்தாள்.

பெட்டிகளை ஏற்றியதும் மாப்பிள்ளை முன்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். அவர் மேல் தப்பில்லை. கால் நீளமானவர், பின்னால் அடங்காது. சின்னவள் பின்னால், இரண்டு பெட்டிக்கு நடுவில் செருகிக்கொண்டாள். அவர் போனைக் கையில் பிடித்திருந்தார். அதிலிருந்து ஒரு பெண் வழி சொன்னாள். ஒவ்வொரு லாரி வரும்போதும் அவர் தன்னையறியாமல் தரையை மிதித்தார்.

"நல்லா ஓட்டறீங்கக்கா," என்றார், கைப்பிடியை விடாமல்.

பின்னோக்கும் கண்ணாடியில் பார்த்தபோது சின்னவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

வந்த நாளிலிருந்து அவருடைய உறவினர் வீடுகள், விருந்துகள். அக்கா தங்கை இருவர் மட்டும் வண்டியில் ஏறக் கடைசி வாரம்தான் வாய்த்தது. மாப்பிள்ளைக்குச் சளி, படுத்திருந்தார். மருந்து வாங்கப் போனார்கள். சின்னவள் முன்னால் உட்கார்ந்து, வாசனை பிடித்து, "இன்னும் பல் டாக்டர் போகலயே" என்று சிரித்தாள். அஞ்சலகத் திருப்பம் வந்தது.

"என் பக்கம் திரும்பு."

"அது இப்ப ஒருவழிப் பாதைடி. போன வருஷமே மாத்திட்டாங்க."

பெரியவள் நேராகப் போய், ஒரு சந்துக்குள் நுழைந்து, இன்னொரு சந்து வழியாக மருந்துக் கடையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். சின்னவள் இறங்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு இங்கயும் வழி மறந்துபோச்சு பாரு," என்றாள்.

"வழி மாறினா நீ என்ன பண்ணுவ?"

"அது இல்லக்கா." கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "அங்க எனக்கு ஒரு வழியும் தெரியாது. அவர் காலைல போனா இருட்டினப்புறம்தான் வருவார். தெருவுல ஒரு ஆள் நடக்கறது இல்ல. கடைக்குப் போகணும்னா கார். லைப்ரரிக்குப் போகணும்னா கார். நாள் முழுக்க ஜன்னல்ல நின்னு போற காரை எண்ணிட்டு இருக்கேன். பேசறதுக்குன்னு வாயத் தொறந்தா கொட்டாவிதான் வருது. அவர் நல்லவர்தான். ஓட்டக் கத்துக்கோன்னுதான் சொல்றார். எனக்குப் பயம்."

ஊருக்கே வழி சொன்னவள். இத்தனை நாளும் பெரியவள் தனிமை தனக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்திருந்தாள். அது கடல் தாண்டியும் ஒருத்தியைப் பிடித்திருக்கிறது என்பது ஆறுதலாகவும் இல்லை.

"ஏண்டி போன்ல சொல்லல?"

"நீ தனியா இருக்க. உங்கிட்டப் போயி எப்படிச் சொல்றது?"

மருந்தை வாங்கிக்கொண்டு பெரியவள் வீட்டுக்குப் போகவில்லை. மூடிக்கிடந்த நூல் ஆலையின் பின்னால் இருக்கும் வெற்று மைதானத்துக்கு வண்டியை விட்டாள். இறங்கி, சுற்றிவந்து, தங்கையின் கதவைத் திறந்தாள்.

"எழுந்திரு. அந்தப் பக்கம் போ."

"ஐயோ அக்கா, வேணாம்."

"போடி."

பெரியவள் தன் காரின் அந்த இருக்கையில் அன்றைக்குத்தான் முதல்முறையாக உட்கார்ந்தாள். வெயில் நேரே கண்ணில் குத்தியது. வெயில் மறைப்பு முழுசாக இறங்கவில்லை. இருக்கையின் நடுவில் ஒரு கம்பி முதுகில் உறுத்தியது. உலகத்தில் எல்லாவற்றையும் பேசித்தீர்த்தவள் இதைப் பற்றி மட்டும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

வண்டி குலுங்கி நின்றது. மறுபடி. மறுபடி. சின்னவள் கிழவியைத் திட்டினாள், மைதானத்தைத் திட்டினாள், நடுவில் புகுந்த ஒரு நாயைத் திட்டினாள். கடைசியில் கொஞ்ச தூரம் ஓடியது. பெரியவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. "கால மெதுவா எடு. நின்னா நிக்கட்டும். யாரும் பாக்கல" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பியபோது மாப்பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மருந்துக் கடை அவ்வளவு தூரமா?" என்று கேட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உள்ளே போனார்கள்.

கிளம்பும்வரை தினமும் மைதானத்துக்குப் போனார்கள். அதற்குமேல் வெளிநாட்டில் நடந்ததைப் பெரியவள் போனில்தான் கேட்டாள். பயிற்சிக்குச் சேர்ந்தது, அழுதது, விட்டுவிடலாம் என்றது, விடாதது. உரிமம் எத்தனையாவது தடவையில் கிடைத்தது என்று கேட்டதற்கு, "அத மட்டும் கேக்காத" என்றாள் சின்னவள். இப்போது பக்கத்து வீட்டு அம்மாவை உடற்பயிற்சிக்குக் கூட்டிப்போகிறாள். முதியோர் இல்லம் ஒன்றில் வாரத்தில் இரண்டு நாள் போன் எடுக்கிறாள். பேச்சில் மறுபடி ஆட்கள் வந்துவிட்டார்கள்: யார் திட்டினார்கள், யார் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் கூப்பிடுவது குறைந்துவிட்டது. "வெளிய இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்ற குரலுக்குப் பின்னால் வண்டிகள் போகும் சத்தம் கேட்கும். பெரியவளுக்கு நிறைவாக இருக்கும். போனை வைத்த பிறகு வீடு முன்பைவிடக் காலியாகத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. எதை எதனால் அடக்குவது என்று அவள் முயன்று பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா இருக்கப் பிடிக்காமல் வண்டியை எடுத்தாள். நகரத்தின் எல்லையைத் தாண்டினாள். கல் குவாரிகளைத் தாண்டினாள். பலகைகளைப் படித்துக்கொண்டே போனாள். கேள்விப்படாத ஊர்ப்பெயர் வந்த பக்கமெல்லாம் திரும்பினாள். ஒரு கடைத்தெருவில் நிறுத்தி, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னாள். கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே காரின் எண்ணைப் பார்த்தார்.

"வெளியூரா? இங்க யாரைப் பாக்க வந்தீங்க?"

"யாரையும் இல்லங்க. வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன்."

"தனியாவா?"

"ஆமா."

அவர் அதை ஒரு நிமிஷம் மனசுக்குள் புரட்டிப் பார்த்ததுபோல் தெரிந்தது. புரியவில்லை போலும். பன்னா, பிஸ்கட்டா என்று கேட்டார். பன் என்றாள். டீ நன்றாகத்தான் இருந்தது. அவள் அவசரப்படாமல் குடித்தாள். தெருவின் கோடியில் சாலை ஒரு வளைவில் திரும்பி மறைந்தது.

"அந்த ரோடு எங்க போகுது?"

"அது ஏரி வரைக்கும்தான். அங்க ஒண்ணும் கிடையாதும்மா."

"பரவால்ல," என்று சொல்லி, பாதி பன்னைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அவள் எழுந்தாள்.